தும்மினால் கசிகிறதா? கொஞ்சம் கதைப்போம்



வழமையாக இந்தப் பக்கத்தில் புலமைப்பரிசில், தரம் 6 அனுமதி, பிள்ளைகளின் கையெழுத்து என்று எழுதுகிறவள் நான். இன்றைக்கு அதில் ஒன்றுமில்லை. கர்ப்பமாக இருக்கும் பெண்ணின் அடிப்பக்கத் தசைகளைப் பற்றியும், அதோடு ஒட்டியிருக்கும் கணவன் மனைவி உறவைப் பற்றியும் எழுதப்போகிறேன். கூச்சமாக இருக்கிற சகோதரிகள் இதிலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆண்கள் மட்டும் நிறுத்த வேண்டாம். இதில் பாதி உங்களுக்குத்தான்.

போடுவதற்கு முன் இவரிடம் வாசித்துக் காட்டினேன். "போடு, ஆனா என்ட பேரப் போட்டுராத" என்றார். போடவில்லை.

எனக்கு இப்போது இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம் நடக்கிறது. ஐந்தாம் மாதத்தில் தொடங்கியது இந்த வேலை. தும்மினால், இருமினால், பெரிதாகச் சிரித்தால் இரண்டு மூன்று சொட்டு கசியும். கரும்பலகை துடைத்தால் சோக்குத் தூசிக்குத் தும்மல் வரும், தும்மல் வந்தால் மற்றதும் வரும். தரம் 8இல் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு என்ன செய்வது? அபாயா இருப்பதால் வெளியே தெரியாது. ஆனால் நமக்குத் தெரியுமே. வீட்டில் தொழுதால் ஸுஜூதிலிருந்து எழும்பும் நேரத்தில் சந்தேகம். போனதா, இல்லையா? திரும்ப வுழூ, திரும்பத் தொழுகை.

ஒருநாள் இடைவேளையில் ஓய்வறையில் இருந்த டீச்சர்மாரிடம் இதை வாய்விட்டுச் சொன்னேன். ஆறு பேர் இருந்தோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராக, "எனக்கும்தான்" என்றார்கள். நான்கு பேர்! ஒருவர் காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் பாடசாலை விடும் வரைக்கும் ஒரு முடறு தண்ணீர் குடிப்பதில்லையாம். இன்னொருவர் மூன்று வருடமாக தினமும் பேட் வைக்கிறார், அவருடைய கணவருக்கே தெரியாது. தராவீஹுக்குப் போவதை விட்டவர் ஒருவர். மூத்த டீச்சர் ஒருவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது: "நான் சத்தமாச் சிரிக்கிறத விட்டு பத்து வருசமாகுது மகள்."

இதெல்லாம் ஏதோ எங்கள் பாடசாலைக்கு மட்டும் வந்த நோய் இல்லை. பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர் கசியும் என்பது உலகம் முழுவதும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மூன்றில் ஒருவர் என்றால் எங்கட ஊரில் ஒவ்வொரு வளவிலும் ஒருவராவது இருப்பார். ஆனால் கல்யாண வீட்டில் சீனி வருத்தத்தைப் பற்றிச் சத்தமாகக் கதைப்போம், பிரஷர் குளிசையைக் கைமாற்றுவோம், இதைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டோம்.

அடுத்த கிளினிக்கில் எங்கள் மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"மிஸ், தும்மினா ஒண்டுக்குப் போகுது."

"இருமினாலும் போகுதா? எரிவு இருக்கா? காய்ச்சல்?"

"எரிவு ஒண்டும் இல்ல."

"அப்ப பயப்பட ஒண்டுமில்ல டீச்சர். ஏண இளகிட்டு, அவ்வளவுதான்."

ஏணை என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கியது. நம் இடுப்பெலும்புக்குள் முன்னால் இருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் ஏணை கட்டினது போல ஒரு தசைப் படுகை இருக்கிறது. சலப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் இருக்கின்றன. மூன்றின் வாசலும் அதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன. வாசலை மூடிப் பிடிப்பதும் அதுதான், தேவையான நேரத்தில் இளகி விடுவதும் அதுதான். கர்ப்பத்தில் உடம்பில் ஊறும் ஹோர்மோன்கள் மூட்டுகளையும் நார்களையும் இளக வைக்கின்றன, பிள்ளைக்கு வழி விடுவதற்காக. அதே நேரம் மேலே பாரம் ஏறிக்கொண்டே போகிறது. மாதம் நிறையும்போது பிள்ளை மூன்று கிலோ, கருப்பை ஒரு கிலோ, நச்சுக்கொடியும் பன்னீர்க்குடத்து நீரும் இன்னொரு கிலோவுக்கு மேல். ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை இரவும் பகலும் ஏணையில் போட்டு வைத்தால் ஏணை தொய்யத்தானே செய்யும்? தும்மும்போது வயிற்றுக்குள் திடீரென்று அமுக்கம் கூடும். தொய்ந்த தசையால் அதைத் தாங்க முடியாமல் இரண்டு சொட்டு போய்விடுகிறது.

"சிசேரியன் எண்டா இது வராதுதானே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து மாதம் பாரம் சுமந்தது சிசேரியன் செய்தவரும்தானே. அவருக்கு வாய்ப்புக் கொஞ்சம் குறையலாம், இல்லாமல் போவதில்லை.

சரி, என்ன செய்வது? 1948இல் ஆர்னல்ட் கேகல் என்ற அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் இந்தத் தசைகளைப் பயிற்சியால் பலப்படுத்தலாம் என்று எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பயிற்சிக்கு அவருடைய பெயர்தான். மாத்திரை இல்லை, செலவு இல்லை, வியர்க்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

தசையைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மிட்வைப் மிஸ் இதை விளங்கப்படுத்தப் பாடுபட்டார். நான் சொல்லட்டுமா? ஜமாஅத்தோடு தொழுதுகொண்டு நிற்கிறீர்கள். வயிற்றில் வாயு. வுழூ முறிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒன்றை இறுக்கி மேலே இழுத்துப் பிடிப்பீர்கள் பாருங்கள், அதுதான் அந்தத் தசை! (அப்படி அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்பது வேறு கதை.) பின்வாசலை இறுக்கி, அப்படியே முன்பக்கத்தையும் சேர்த்து, மேலே தூக்குவது போல இழுக்க வேண்டும். பிட்டம் இறுகக்கூடாது, தொடை ஒட்டக்கூடாது, வயிறு உள்ளே போகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. மூச்சு அடைத்தால் தப்பாகச் செய்கிறீர்கள்.

ஐந்து செக்கன் பிடித்து, மெதுவாக முழுசாக விட்டு, அதே அளவு ஓய்வு. பழகப் பழகப் பத்து செக்கன் வரைக்கும் கூட்டலாம். ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதோடு டக் டக்கென்று இறுக்கி விடுகிற வேகமானவை கொஞ்சம். இரண்டு நாள் செய்துவிட்டு "ஒண்டும் தெரியல்ல" என்று விடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், தசை பலப்பட மூன்று மாதம் வேண்டும். நான் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் முஸல்லாவில் இருந்தபடி ஒரு தடவை செய்கிறேன். மூன்று கேட்டால் ஐந்து கொடுத்தாயிற்று.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லிச் சில வீடியோக்கள் வருகின்றன. தசை எது என்று ஒருமுறை அறிந்துகொள்ள மட்டும் சரி, அதையே பயிற்சியாகச் செய்யாதீர்கள். சலப்பை முழுசாக வெறுமையாகாமல் கிருமித் தொற்று வரலாம்.

இன்னொரு உபாயம் உண்டு. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொல்லுமே, அந்த அரைச் செக்கனில் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தும்முவது. இரண்டு வாரம் பழகினேன். இப்போது கை தானாக மூக்குக்குப் போவது போல இதுவும் தானாக வருகிறது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது பத்துத் தும்மலில் ஒன்றோ இரண்டோதான் கசிகிறது.

பயிற்சி செய்தால் தசை இறுகி பிள்ளை வெளியே வரக் கஷ்டப்படும் என்று ஓய்வறையிலேயே ஒருவர் பயம் காட்டினார். 2004இல் நோர்வேயில் 301 முதற் கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. பயிற்சி செய்த கூட்டத்தில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முக்க வேண்டி வந்தவர்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். பலமான தசைக்குத்தான் இளகவும் தெரியும்.

தண்ணீர் குடிக்காமல் இருக்கும் டீச்சர்மாருக்கு ஒரு வார்த்தை. தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையாது. சிறுநீர் கடுமையாகி சலப்பையை உறுத்தும், அடிக்கடி முடுக்கும், கிருமி பிடிக்கும். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று வந்தால் பிள்ளை மாதத்துக்கு முன்னமே பிறந்துவிடவும் கூடும். குறைக்க வேண்டுமென்றால் தேத்தண்ணீரைக் குறையுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையால் மலச்சிக்கல் வருவதும் ஒரு காரணம், முக்க முக்க ஏணை இன்னும் தொய்யும். குளிசையை விட்டுவிடாதீர்கள், அது தேவை. கீரையும் பழமும் தண்ணீரும் கூடச் சேருங்கள். பாடசாலை நிருவாகங்களில் இருக்கும் சகோதரர்களே, எட்டுப் பாடவேளையும் நின்று படிப்பிக்கும் கர்ப்பிணி ஆசிரியைக்கு ஒரு கதிரையும், பூட்டுப்போடக்கூடிய, தண்ணீர் வரும் ஒரு மலசலகூடமும் கொடுப்பது பெரிய செலவா?

இனி இல்லறம். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பிறப்பு வழியைச் சுற்றி இருப்பதும் இதே தசைதான். கணவன் மனைவி சேரும்போது இளகிக்கொடுப்பதும், மனைவி அடையும் இன்பத்தில் சுருங்கி விரிவதும் இதே தசைதான். அதனால்தான் இது பலவீனமாக இருக்கும்போது உணர்வும் மந்தமாகலாம். உடம்பை விட மனம் படுத்தும் பாடு பெரிது. "இடையில கசிஞ்சிருமோ, அவர் அருவருப்பாரோ" என்று ஒரு பெண் பயந்துகொண்டே இருந்தால் அவளால் இளக முடியுமா? சாக்குச் சொல்லித் தள்ளிப்படுப்பாள். அவர் என்ன நினைப்பார்? "இவளுக்கு என்னில விருப்பமில்ல." இரண்டு பேரும் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு சொட்டு சிறுநீர் செய்த வேலை இது! முன்னதாக மலசலகூடம் போய்விட்டு வருவதும், "எனக்கு இப்பிடி இருக்கு" என்று ஒரு வசனம் சொல்லிவிடுவதும் போதும். நான் சொன்னபோது இவர் சிரித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நாளா மூஞ்சிய தூக்கிட்டு இருந்த?" என்றார்.

எங்கள் பாடசாலையில் புதிதாக வந்த தங்கச்சி ஒருவர். கல்வியியற் கல்லூரியில் எனக்கு எத்தனையோ பெட்ச் பிந்தியவர். முதல் கர்ப்பம். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். நான்காம் மாதத்திலிருந்து மாப்பிள்ளை ஹோலில் படுக்கிறார், தங்கச்சியும் உம்மாவும் அறைக்குள். எங்கட பகுதியில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவார். மாமியாரின் வீட்டில் இருக்கும் மனிசன் என்னத்தைக் கேட்பார்? "புள்ளைக்கு அடிபடும்" என்று உம்மா சொன்னது சட்டமாகிவிட்டது. அன்பில்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தங்கச்சி ஓய்வறையில் இருந்து அழுதார். "அவர் என்னோட கதைக்கிறதே குறைஞ்சிட்டு ராத்தா."

அடிபடாது. பிள்ளை தண்ணீர்க் குடத்துக்குள் மிதக்கிறது, சுற்றி கருப்பையின் தடித்த சுவர், கருப்பையின் வாயைக் கெட்டியான சளி ஒன்று அடைத்திருக்கிறது. சாதாரணமாகப் போகும் கர்ப்பத்தில் கணவன் மனைவி உறவு பிள்ளைக்குக் கெடுதி இல்லை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். முடிந்த பிறகு வயிறு கொஞ்சம் இறுகிப் பிறகு தளர்வது சாதாரணம். மார்க்கத்திலும் மாதவிடாயும் நிஃபாஸும்தான் தடை, கர்ப்பம் தடை இல்லை. வயிற்றில் பாரம் ஏறாதபடி, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மனைவி அதிக நேரம் மல்லாந்து படுக்காதபடி பார்த்துக்கொண்டால் சரி. ஒருக்களித்துப் படுப்பது இரண்டு பேருக்கும் இலகு.

தடை இருக்கிற ஆட்களும் உண்டு. நச்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருந்தால், இரத்தம் போனால், பன்னீர்க்குடம் உடைந்தால், கருப்பை வாய் பலவீனமென்று தையல் போட்டிருந்தால், மாதத்துக்கு முன்னமே வலி வரும் அபாயமென்று வைத்தியர் சொல்லியிருந்தால் கூடாது. அது யாருக்கு என்பதை ஸ்கேனும் வைத்தியரும் சொல்லட்டும். உம்மாமார் அல்ல, நானும் அல்ல. அந்தத் தங்கச்சியை அடுத்த கிளினிக்குக்கு மாப்பிள்ளையோடு போகச் சொன்னேன். மிட்வைப் மிஸ் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லி அனுப்பினாராம். மாப்பிள்ளை இப்போது அறைக்குள் வந்துவிட்டார். உம்மா ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லையாம், அது ஆறிவிடும்.

ஆண்களுக்கு இன்னொன்று. தடை இல்லை என்றால் கட்டாயம் என்று அர்த்தம் இல்லை. முதல் மூன்று மாதம் ஓங்காளத்திலும் களைப்பிலும் அவளுக்கு உங்கள் சட்டையின் வாசனையே பிடிக்காமல் போகலாம். நடு மாதங்களில் பலருக்கு ஆசை திரும்பி வரும், சிலருக்கு முன்னையை விடக் கூடவே வரும். கடைசி மாதங்களில் திரும்பக் குறையும். அவள் வேண்டாம் என்ற நாளில் காலைப் பிடித்துவிட்டுப் பக்கத்தில் படுங்கள்.

ஒரு முக்கியமான விசயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு சிலருக்குத் தீங்காகிவிடும். எல்லோருக்கும் ஏணை தொய்ந்திருப்பதில்லை. சிலருக்கு அது அளவுக்கு மிஞ்சி இறுகிக் கிடக்கும். எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவருக்கு முதல் பிள்ளைக்குப் போட்ட தையலுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கத்தியால் கீறுவது போல வலி. இரண்டாவது கர்ப்பத்திலும் அதே வலி. யாரோ சொன்னதைக் கேட்டு இறுக்கும் பயிற்சியைச் செய்தார், வலி கூடியது. ஆதார வைத்தியசாலையில் பிசியோதெரபி செய்யும் மிஸ் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இறுக்கிறது வேணாம், விடப் பழகணும்" என்றாராம். வயிறு நிறைய மூச்செடுத்து, மூச்சு போகும்போது அடிப்பக்கத்தைப் பூ விரிவது போலத் தளர்த்துவது. சில மாதங்களில் வலி பாதியாகிவிட்டது. அத்தனை வருடமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார், "பொம்புளைக்கு இது உள்ளதுதானே" என்று. இல்லை. உறவின்போது வலிப்பது பொம்பிளைக்கு எழுதிவைத்த ஒன்றல்ல. வலி இருந்தால் பயிற்சியைத் தொடங்க முன் காட்டுங்கள்.

தொழுகை பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள் என்று தெரியும். இருந்திருந்து தும்மும்போது மட்டும் கசிகிறவர் கசிந்தால் கழுவிவிட்டு வுழூ செய்து தொழுதால் சரி. ஓயாமல் கசிந்துகொண்டே இருப்பவருக்குச் சலுகை உண்டு. நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, பேட் வைத்து, வுழூ செய்து அந்த ஃபர்ளைத் தொழலாம், இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். அடுத்த ஃபர்ளுக்குத் திரும்ப வுழூ. உங்கள் நிலைமைக்கு எது என்று ஊர் ஆலிமாவிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். உம்மு ஸுலைம் நாயகி ரஸூலுல்லாஹ்விடமே நேராகப் போய்ப் பெண்ணின் குளிப்புக் கடமையைப் பற்றிக் கேட்டவர். மார்க்கத்தை அறிய வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி புகழ்ந்ததாக ஹதீஸில் இருக்கிறது. நாமோ நமது மிட்வைப்பிடம் கேட்கக் கூசுகிறோம்.

கடைசியாக, பொறுத்துப் பார்க்கக்கூடாதவை. சிறுநீர் போகும்போது எரிவு, காய்ச்சல், முதுகு வலி இருந்தால் உடனே கிளினிக். இரத்தம் கண்டால் ஆஸ்பத்திரி. தும்மாமல் இருமாமல் தானாக நீர் வடிந்துகொண்டே இருந்து, மணம் சிறுநீர் போல இல்லையென்றால் அது பன்னீர்க்குடமாக இருக்கலாம், நடு இரவென்றாலும் போய்விடுங்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதமாகியும் கசிவு நிற்காவிட்டால், அல்லது கீழே ஏதோ இறங்கினது போல இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். "நாப்பது முடிஞ்சா சரியாப் போகும்" என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகாவிட்டால் நாற்பது வருடமும் பேட் வைக்கத் தேவையில்லை. எங்கட மூத்த டீச்சருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவரும் இப்போது பயிற்சி செய்கிறார், பாடவேளை மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு தடவை. போன கிழமை அதிபர் கதைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது, நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு!

கமென்டில் கேட்கக் கூச்சமான சகோதரிகள் இன்பொக்ஸில் வாருங்கள். நான் டொக்டர் இல்லை, எனக்குத் தெரியாததை மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன். சகோதரர்கள் இன்பொக்ஸுக்கு வர வேண்டாம். உங்கள் சந்தேகத்துக்கு விடை தெரிந்த ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறா, அவவிடம் கேளுங்கள்.